குழந்தையின் மூச்சை எண்ணுவோம்

குழந்தைக்குச் சளி பிடிப்பது நம் இல்லங்களில் புதுமையன்று. சிறு குழந்தைக்கு ஆண்டொன்றில் ஆறேழு முறை சளியும் இருமலும் வருவது இயல்பே என வைத்தியர்கள் கூறுகின்றனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாமாகவே நீங்கிவிடும். ஆயினும் சிலவேளை நோய் நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியாக மாறிவிடுகிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் இந்நோயால் மாண்டனர். தானே நீங்கும் சளி எது, உயிருக்கு இறுதி தேடும் நோய் எது என்பதை வீட்டிலுள்ளோர் பிரித்தறிவது எங்ஙனம்? அதனை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே எமது நோக்கம்.

நிபுணர் முதலில் காண்பது

குழந்தைகளின் நுரையீரல் நோய்களில் தேர்ந்த வைத்தியர், நெஞ்சில் குழாய் வைக்குமுன் குழந்தையின் சட்டையை உயர்த்திவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைச் சற்று நேரம் உற்று நோக்குவார். இதற்குக் காரணம் உண்டு. நுரையீரல் எண்ணற்ற நுண்ணிய காற்றுப்பைகளால் ஆனது. நிமோனியாவில் அப்பைகளுள் பல சீழாலும் நீராலும் நிரம்பி நுரையீரல் விறைத்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் காற்று குறைவதால் குழந்தை அடிக்கடி மூச்சு வாங்கி அக்குறையை ஈடு செய்ய முயல்கிறது. நோய் முற்றினால், மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி, விலா எலும்புகளுக்குக் கீழே, குழிந்து உள்வாங்கும்.

இவ்வுண்மையை ஏழை எளியோருக்குப் பயன்படச் செய்தவர்களுள் முக்கியமானவர் பிராங்க் ஷான் என்னும் குழந்தை வைத்தியர். பப்புவா நியூகினி நாட்டின் மலைப்பிரதேசமான கொரோக்காவில் அவர் பணியாற்றினார். எக்ஸ்ரே கருவியும் பட்டம் பெற்ற வைத்தியரும் இல்லாத சிற்றூர்களில் நோயை அறிவது எப்படி என்று அவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து, 1984-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இருமும் குழந்தை வேகமாக மூச்சு விட்டால் கிருமிக்கொல்லி மருந்து தேவை; மார்பு உள்வாங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தல் தேவை என்பதே அவர்கள் கண்ட வழி. உலக சுகாதார நிறுவனம் இவ்வழியையே தழுவிப் பின்வரும் அளவுகளை வகுத்தது.

இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின், அது வேகமான மூச்சாகும்.

எழுதப் படிக்கத் தெரியாதோரும் இதைச் செய்ய இயலுமோ என்னும் ஐயம் எழலாம். மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர் கிராமத் தொண்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இம்முறையைக் கற்பித்தனர். எண்ணத் தெரியாதோருக்காக மணற்கடிகாரமும் மணிகளும் அமைந்த எளிய கருவி ஒன்றையும் உண்டாக்கினர். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணியை எட்டிவிட்டால் நிமோனியா என்று கொள்ளவேண்டும். அவர்கள் பணியாற்றிய கிராமங்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம், பணி நடைபெறாத கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்ததென 1990-இல் வெளியான அறிக்கை காட்டிற்று. பாவில் இழை எண்ணிப் பழகிய நம் நெசவாளர் குடும்பங்களுக்கு இது அரிய காரியமன்று.

எண்ணும் முறை

குழந்தை அழும்போதும் பால் அருந்தும்போதும் எண்ணலாகாது. அமைதியாக மடியில் கிடக்கையில் எண்ணவேண்டும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுதல் வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது பிழைக்கு இடமாகும். மேற்கூறிய அளவை எட்டினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மார்பு உள்வாங்குதல், மூச்சில் முனகல், உதடு நீலம் பாரித்தல், பால் குடிக்க இயலாமை, உண்டதனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பொழுது விடியட்டும் எனக் காத்திராமல் 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு வேகமான மூச்சொன்றே அவசரக் குறியாகும்.

வேகமான மூச்சனைத்தும் நிமோனியா அன்று. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வைரஸ் கிருமிகளால் நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்குவதுண்டு. இரைப்பு நோயாகிய ஆஸ்துமாவில் குழல்கள் சுருங்கி, மூச்சை வெளிவிடும்போது விசில் போன்ற ஒலி கேட்கும். இருமல் இரவில் மிகும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சு மருந்தே சிறந்தது. மருந்து நேரே மூச்சுக்குழலை அடைவதால் சிறிய அளவே போதும். அதற்குக் குழந்தை அடிமையாகிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. இவற்றைப் பகுத்தறிவது வைத்தியரின் வேலை. காலத்தில் அவரிடம் சேர்ப்பது நம் வேலை.

செய்யத் தகாதவை

குளிப்பாட்டுகையில் சிசுவின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தனியொரு வகை நிமோனியாவை உண்டாக்கவல்லது. சாம்பிராணிப் புகையும் அடுப்புப் புகையும் பீடிப் புகையும் இளம் மூச்சுக்குழல்களுக்குக் கேடு விளைப்பவை. தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழுள்ள வீடுகளில் தூளியை அடுப்புக்கும் பஞ்சுத்தூசிக்கும் எட்டக் கட்டுவது நலம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலும் ஆகாது.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தைப் பற்றித் தனியே எச்சரிக்கவேண்டும். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தினால் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தனர். அம்மருந்து நம் மாநிலத்திலேயே தயாரிக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகள் கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகத் தகாதென்றும் மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டே அறிவுறுத்தியது. சாதாரணச் சளிக்குத் தாய்ப்பாலும், ஆறு மாதம் கடந்தோருக்கு வெதுவெதுப்பான கஞ்சி முதலிய ஆகாரமும் போதும். வைத்தியர் தந்த கிருமிக்கொல்லி மருந்தையோ, காய்ச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்தலாகாது. மிஞ்சியதை அடுத்த குழந்தைக்குக் கொடுத்தலும் தகாது.

நோய் வருமுன் காக்கும் வழியும் உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இந்தியாவில் முதன்முதலாக அரசு திட்டத்தில் புகுந்தது. நியூமோகாக்கஸ் கிருமிக்கெதிரான ஊசி 2021-இல் நாடெங்கும் விரிந்தது. இரண்டும் அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கண்ட மூன்று எண்களையும் ஆபத்துக் குறிகளையும் பெரிய எழுத்தில் எழுதி, சங்கக் கட்டடத்தில் கூலி வழங்குமிடத்திலும் விதை, உரம் வழங்குமிடத்திலும் தொங்கவிடுதல் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரை ஒருநாள் அழைத்து, தாய்மார்க்கு எண்ணும் முறையை நேரில் காட்டச் செய்யலாம். நடு இரவில் வண்டி வைக்கப் பணமில்லையே என்று எந்த அங்கத்தினரும் தயங்கி நில்லாதபடி, நிர்வாகக் குழுவினர் சிறு அவசரத் தொகை ஒன்றை ஒதுக்கி வைப்பதும் சிறந்ததாகும். இவற்றை எதிர்வரும் குழுக்கூட்டத்திலேயே ஆலோசிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.