காலப்பயணமும் தொழில் வரலாற்றைத் திருத்தும் அறச்சிக்கலும்

முன்னுரை

எச். ஜி. வெல்ஸின் கால இயந்திரம் பற்றிய புதினம் 1895இல் வெளிவந்தது முதல், காலப்பயணம் அறிவியல் புனைகதையின் முதன்மைக் கருப்பொருள்களுள் ஒன்றாக விளங்குகிறது. கடந்த காலத்திற்குச் செல்பவர் ஒரு தொழில்நுட்பத் தீங்கைத் தடுக்கலாமா என்பது இத்தகு புனைவுகள் எழுப்பும் அறவினா. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியின் இரு கண்டுபிடிப்புகளைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கண்டுபிடிப்புகள்

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் எழும் தட்டல் அடங்கும் என 1921இல் கண்டறிந்தார். 1928இல் குளோரோபுளோரோகார்பன் வகைச் சேர்மமொன்று குளிர்பதனத்திற்கு ஏற்றது என அவர்தம் குழுவினர் கண்டனர். முன்னது காற்றையும் குருதியையும் மாசுபடுத்தியது. பின்னது ஓசோன் படலத்தைச் சிதைத்தது.

அறியாமையால் விளைந்த தீங்கு

காலப்பயணி 1928இல் குறுக்கிட்டால் ஓசோன் படலம் காக்கப்படலாம். ஆயின் அன்றைய குளிர்பெட்டிகளில் சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே இருந்தன. அவற்றின் கசிவால் உயிரிழப்பு நேர்ந்தது. புதிய சேர்மம் அத்துயரைப் போக்கவே வந்தது. அதன் தீங்கை மொலினாவும் ரோலண்டும் 1974இல்தான் வெளிப்படுத்தினர். எனவே இங்குப் பயணி, வரவிருக்கும் தலைமுறையைக் காப்பதற்காகத் தம் கண்முன் நிற்பவரை இடருக்குள் விட வேண்டியவராகிறார். மேலும், வரலாறு மாறினால் பிறப்போரும் மாறுவர் என்னும் டெரிக் பார்ஃபிட்டின் (1984) வாதப்படி, அவர் காக்க எண்ணியவர்களே பிறவாதும் போகலாம்.

அறிந்தும் விளைந்த தீங்கு

ஈயத்தின் நிலை வேறு. அது நஞ்சென்பது தொன்றுதொட்டு அறியப்பட்டதே. 1924இல் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் இறந்தனர். 1925ஆம் ஆண்டு மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தார். ஆல்கஹாலும் தட்டலைத் தணிக்கும் என்பது தெரிந்திருந்தது. எனினும் விற்பனை மறு ஆண்டே மீண்டும் தொடங்கியது. சாலை ஊர்திகளுக்கான ஈய பெட்ரோல் உலகளவில் முற்றாக ஒழிந்தது 2021இல்தான்.

முடிவுரை

1928க்குச் செல்லும் பயணி எவரும் அறியாத செய்தியைக் கொண்டு செல்கிறார். 1925க்குச் செல்பவரோ ஹாமில்டன் கூறியதையே மீளக் கூறுவார். அங்குத் தேவைப்பட்டது எதிர்கால அறிவன்று. இருந்த அறிவுக்குச் செவிசாய்த்தலே. அறியாமைக்கும் புறக்கணிப்புக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துவதே காலப்பயணப் புனைவின் அறப்பயன் எனலாம்.