2 நாள் லீவு, 2 பேர்: புதுக்கோட்டைக்கு ஒரு வீக் எண்ட் ட்ரிப்... பிளான் பண்ணுவது எப்படி?

கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளில் சனி, ஞாயிறு என்பதே பெரிய சொத்து. அதை ஊட்டி, கொடைக்கானல் டிராஃபிக்கில் கரைத்துவிட்டு, திங்கள்கிழமை இன்னும் களைப்பாக ஆபீஸ் போகிறவர்கள் ஏராளம். கூட்டமில்லாமல், பேசிக்கொண்டே சுற்ற இடம் தேடுபவர்களுக்கு புதுக்கோட்டை நல்ல சாய்ஸ். ஆனால், வெயிலைக் கணக்கில் எடுக்காமல் போனால் ட்ரிப் சொதப்பிவிடும்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து ராமேஸ்வரம், காரைக்குடி செல்லும் ரயில்கள் சில புதுக்கோட்டை வழியாகப் போகின்றன. வெள்ளி இரவு ஏறினால் சனி அதிகாலை இறங்கிவிடலாம். விமானம் என்றால் திருச்சி. அங்கிருந்து சுமார் 50 கி.மீ.

முதல் நாள்: சித்தன்னவாசல், திருமயம்

காலையில் முதல் வேலையாக, நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசல். முதலில் ஏழடிப்பட்டம் ஏறிவிடுங்கள். சமண முனிவர்கள் தங்கிய கல் படுக்கைகள், தமிழி கல்வெட்டு எல்லாம் அங்கேதான். 10 மணிக்கு மேல் பாறை சுடும். உயரம் என்றால் பயப்படும் துணையை வற்புறுத்த வேண்டாம்.

அடுத்து அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம், அதில் பூப்பறிப்பவர்கள், மீன், யானை. தூண்களில் ஆடல் மகளிர். ஒரு தூணில் அரசனும் அரசியும். 9-ம் நூற்றாண்டு பாண்டியர் காலத்தோடு தொடர்புடைய இந்த ஓவியங்கள் ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டன. மிச்சமிருப்பதைத் தொடாமல், ஃபிளாஷ் அடிக்காமல் பார்ப்பதே நாம் செய்யும் உதவி.

மதியம் ரூமில் நல்ல ஓய்வு. 4 மணிக்கு, சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள திருமயம் கோட்டை. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது. உச்சியில் பீரங்கி, சுற்றிலும் பச்சை வயல், கண்மாய். அதே மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து குடைவரைக் கோயில்கள்.

இரவு சாப்பாட்டுக்கு முட்டை மாஸ். அவித்த முட்டையை மசாலாவில் பிரட்டித் தரும் இந்த ஊர் ஸ்பெஷல், பரோட்டாவுக்கு செம காம்பினேஷன்.

இரண்டாம் நாள்: நார்த்தாமலை, மியூசியம்

காலை 7 மணிக்கு நார்த்தாமலை. பாறை மேல் தனியாக நிற்கும் விஜயாலய சோழீஸ்வரத்தில், சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவர் முத்தரையர் தலைவர் என்கிறது கல்வெட்டு. எதிரே உள்ள குடைவரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி 12 திருமால் சிற்பங்கள். மேலே கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வெயில் ஏறியதும் திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம். 1910-ல் தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பார்த்து முடித்தால் மதியச் சாப்பாடு, பிறகு ஊருக்கு கிளம்ப வேண்டியதுதான்.

ரூம் எடுக்கும்போது...

இருவரின் அசல் அடையாள அட்டையும் அவசியம். திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில லாட்ஜ்களில் ரூம் தர மறுப்பார்கள். ராத்திரியில் ரிசப்ஷனில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட, பணம் கட்டும் முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது.

மறக்கக் கூடாத 3

* இந்த இடங்களுக்கு டவுன் பஸ் குறைவு. கார் அல்லது ஆட்டோவை, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாடகை பேசி எடுங்கள்.
* ஏப்ரல், மே வேண்டாம். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சரியான சீசன்.
* ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில், ஆவுடையார்கோயில் எல்லாம் அடுத்த ட்ரிப்புக்கு இருக்கட்டும். லிஸ்ட்டை முடிக்கவா போகிறோம்? இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசத்தானே!