தேங்காய்த் தொட்டியில் கைவினை... ஸ்க்ரோல் சா பொருத்தும்போதே விரலுக்குப் பாதுகாப்பு!

அமராவதி பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் மடத்துக்குளம் வட்டாரத்தில், தென்னை இல்லாத ஊர் அபூர்வம். பருப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கொட்டாங்குச்சியை இந்தப் பக்கம் ‘தொட்டி’ என்பார்கள். அதில் பெரும்பங்கு கரி சுடுவதற்கு எடைக்குப் போய்விடும். வெள்ளை ஈயும், கேரள வாடல் நோயும் தென்னை வருமானத்தைக் குறைத்துவரும் இந்தக் காலத்தில், அதே தொட்டியைச் சாவிக்கொத்து, காதணி, விளக்குக் கூடு, பெயர்ப்பலகை எழுத்து என்று மாற்றினால் வீட்டுக்குத் தனி வருமானம் கிடைக்கும். அதற்குக் கைகொடுப்பதுதான் ‘ஸ்க்ரோல் சா’ என்ற சிறிய அறுவை மெஷின்.

நூல் போன்ற மெல்லிய பிளேடு, தையல் மெஷின் ஊசிபோல மேலும் கீழும் ஓடும். பூ, இலை, எழுத்து என்று எந்த வளைவையும் அறுக்கும். வட்டரம்பத்தைப்போலப் பொருளைத் தூக்கி எறியாது. ‘இது சாது’ என்ற நினைப்பில்தான் பலரும் சரியாகப் பொருத்தாமல் வேலையைத் தொடங்கி, விரலையும் கண்ணையும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். இந்த மெஷினைப் பொறுத்தவரை, பாதிப் பாதுகாப்பு சுவிட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மேஜையும் மின்சாரமும்

மெஷினை ஆடாத கனமான மேஜையில், அடியில் ரப்பர் துண்டு வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தரையில் வைத்துக் குனிந்து அறுத்தால் முகம் பிளேடுக்கு அருகே போய்விடும். உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரத்துக்கு மெஷினின் தட்டு இருப்பது நல்லது. வைக்கோல், தேங்காய் மட்டை அடுக்கிய இடமும், மாட்டுக்கொட்டகையும் வேண்டாம். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள திண்ணை போதும்.

சிறிய மெஷின்களின் மோட்டார் பெரும்பாலும் 90 முதல் 125 வாட்தான். எர்த் உள்ள பிளக் பாயின்ட் அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி வீட்டில் இல்லையென்றால், முதலில் அதைப் பொருத்துங்கள். வயரைப் பலரும் நடக்கும் வழியில் விடாதீர்கள்.

பல் கீழ்நோக்கி இருக்கட்டும்

பெரும்பாலான மெஷின்களுக்கு 5 அங்குல நீள பிளேடுதான். இரு முனையிலும் குறுக்கே சிறு பின் உள்ளவை, பின் இல்லாதவை என இரண்டு வகை உண்டு. மெல்லிய பின் இல்லாத பிளேடு, சிறிய துளைக்குள்ளும் நுழையும். உங்கள் மெஷின் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளேடு மாட்ட வேண்டும். பற்கள் உங்களைப் பார்த்தும், கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். பழைய பனியன் துணியைப் பற்களின் மேல் கீழிருந்து மேலாக லேசாக இழுத்தால் துணி மாட்டும். மேலிருந்து கீழாக இழுத்தால் வழுக்கும். இப்படி இருந்தால் சரி. தலைகீழாக மாட்டினால், பிளேடு ஒவ்வொரு முறையும் பொருளைத் தூக்கித் தட்டில் அடிக்கும். பொருள் உடைவதும் விரல் நசுங்குவதும் அப்போதுதான்.

அடுத்தது இறுக்கம். பிளேடைச் சுண்டினால் தந்திபோலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் 3 மில்லிமீட்டருக்குமேல் வளையக் கூடாது. தளர்ந்த பிளேடு கோட்டைவிட்டு ஓடும். அளவுக்குமேல் இறுக்கினால் அறுந்துபோகும். மூலை மட்டத்தை வைத்து, பிளேடு தட்டுக்கு 90 டிகிரியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் பிளேடு நாள்பட உழைக்கும்.

பொருளை மேலிருந்து அழுத்தும் பட்டையை, ‘பார்வையை மறைக்கிறது’ என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது இருந்தால்தான் பொருள் துள்ளாது. பொருளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி அதை இறக்கி வையுங்கள்.

வளைந்த தொட்டியை அறுக்கும்போது...

பலகை தட்டையாக உட்காரும், தொட்டி உட்காராது. குழிந்த பக்கம் கீழே இருந்தால் அறுக்கும் இடம் அந்தரத்தில் நின்று அதிரும். அதனால் முழுத் தொட்டியை வைக்காமல், முதலில் கைரம்பத்தால் சிறு துண்டுகளாக்குங்கள். நாரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, துண்டை இருபக்கம் ஒட்டும் டேப்பால் மெல்லிய ப்ளைவுட்டின் மேல் ஒட்டி, இரண்டையும் சேர்த்து அறுக்கலாம். ப்ளைவுட் அகலமாக இருப்பதால் விரலும் பிளேடைவிட்டு 2 அங்குலம் தள்ளியே இருக்கும்.

வேகத்தைக் குறைத்து வைத்து, பொருளை மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தித் தள்ளினால் பிளேடு சூடாகி அறுந்துவிடும். பிளேடு போகும் பாதைக்கு நேராக எந்த விரலும் வரக் கூடாது. நடுவில் ஓட்டை வெட்ட வேண்டுமென்றால், முதலில் துளை போட்டு, மெஷின் பிளக்கைப் பிடுங்கி, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் விட்டு மறுபடி மாட்ட வேண்டும். பிளேடு அறுந்தால் உடனே சுவிட்சை அணைத்து, மெஷின் முழுவதும் நின்ற பிறகே கையை நீட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூசி. கோடு தெரிவதற்காக மெஷினில் உள்ள ஊதுகுழல், நுண்தூளை முகத்துக்கே அனுப்பும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசமும், பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியும் வேண்டும். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சேலை முந்தானை, துப்பட்டா, தோள் துண்டு ஆகியவற்றைச் செருகிக்கொண்டு, வளையலைக் கழற்றி, தலைமுடியைக் கட்டிய பிறகே உட்கார வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் பிளேடையும் கழற்றி எடுத்து வைப்பது நல்லது.

விரலில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் வைக்க வேண்டாம். விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறிய காயமானாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி - பதில்

பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரத்தில் இதை ஓட்டலாமா?

கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. விற்பனைக்காகத் தொழிலாகச் செய்தால் எந்தக் கட்டணப் பிரிவில் இணைப்பு வேண்டும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு முறைப்படி வாங்குங்கள்.

பனியன் கம்பெனியில் துணி வெட்டுபவர்கள் கையுறை போடுகிறார்களே, இதற்கும் போடலாமா?

அங்கே பயன்படுவது கம்பி வலைக் கையுறை. இங்கே துணிக் கையுறை போட்டால் அதன் நூல் பிளேடு பல்லில் மாட்டி விரலையும் இழுக்கும். பிடிமானமும் தெரியாது. வெறுங்கைதான் நல்லது.

வாடல் நோயால் வெட்டிய தென்னை மரத்தை இதில் அறுக்கலாமா?

கனமான துண்டுகள் வேண்டாம். தென்னையின் வெளிப்பகுதி மிகக் கடினம். பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். பட்டறையில் மெல்லிய பலகையாக அறுத்து வாங்கினால், அதில் சிறு உருவங்கள் வெட்டலாம்.

பொத்தான் செய்ய இது போதுமா?

ஒரே அளவு வட்டத்துக்கு, துளைபோடும் மெஷினில் மாட்டும் வட்ட கட்டர்தான் வேகம். நெளிவு சுளிவான உருவங்களுக்குத்தான் ஸ்க்ரோல் சா.

கடன் உதவி கிடைக்குமா?

தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலை உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவிகிதம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) மானியமும் உண்டு. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். தொட்டி வேலை எந்தப் பிரிவில் வரும் என்பதைத் திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். மெஷின் விலையோடு கண்ணாடி, முகக்கவசம், மின்கசிவுத் தடுப்புக் கருவி ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.