நிர்வாக அனுமதி வேறு, பணம் வேறு

எங்கள் ஊர் ஊரணியின் வரத்து வாய்க்கால் மண்மேவிக் கிடந்தது. மே 1 கிராம சபையில் எழுந்து கேட்டேன். தூர்வாரத் தீர்மானம் போட்டார்கள். புரட்டாசியில் ஊராட்சிச் செயலர், "சார், நிர்வாக அனுமதி வந்துருச்சு" என்றார். நாங்கள் ஏழெட்டுத் தோட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஜேசிபி பிடிக்க இருந்தோம். "அதான் வந்துருச்சே, எதுக்குக் கைக்காசு?" என்று தடுத்தது நான்தான். ஐப்பசி மழை பூராவும் ரோட்டில் ஓடியது. ஊரணியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. வைகாசியில் மூன்று பேர் கிணறு வற்றியது.

கடன் சாங்ஷன் ஆவது வேறு, பணம் கணக்கில் ஏறுவது வேறு என்று ஆயுசு பூராவும் வங்கியில் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். ஊராட்சி விஷயத்தில் அது எனக்கே உறைக்கவில்லை.

ஒன்றியப் பொறியாளர் போடுவது மதிப்பீடு. அந்த அளவும் விலையும் சரிதான் என்பது தொழில்நுட்ப அனுமதி. வேலையை எடுத்துச் செய்யலாம் என்பது நிர்வாக அனுமதி. ஒதுக்கீடு என்பது இவ்வளவு தொகை உங்களுக்கு என்று காகிதத்தில் எழுதுவது. விடுவிப்பு என்றால்தான் பணம் வருகிறது. எங்கள் வாய்க்காலுக்கு அது வரவேயில்லை. "அனுமதி வந்துருச்சு" என்று யாராவது சொன்னால், "எந்த அனுமதி? நிதி விடுவிச்சாச்சா?" என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது, எந்தப் பையிலிருந்து பணம் என்பது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் ஊராட்சியின் சொந்த வருவாய். இது போக மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். பதினைந்தாவது மத்திய நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையான அடிப்படை மானியத்தில் 60 சதவீதத்தைக் கட்டிப்போட்டது. அலுவலகத்தில் 'டைட்' என்பார்கள். அதில் பாதி சுகாதாரத்துக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதம் 'அன்டைட்'. ஊர்த் தேவைக்குச் செலவழிக்கலாம். சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது.

எங்கள் தீர்மானத்தில் 'பாசன வாய்க்கால் தூர்வாருதல்' என்று எழுதியிருந்தது. சொன்னதே நான்தான். விவசாயி வாயில் அதுதானே வரும்! ஆனால் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணறு அந்த ஊரணிக் கரையில்தான் இருக்கிறது. அடுத்த அக்டோபர் 2 சபையில், 'குடிநீர்க் கிணற்றுக்கு ஊற்றுத் தரும் ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலைச் சீரமைத்தல்' என்று எழுதச் சொன்னோம். பொய் ஒன்றும் இல்லை, முன்பு விட்டுப்போன பாதி உண்மை.

தீர்மானத்தோடு விடாமல், அதைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுத் திட்டம் என்பது அதுதான். அதில் இல்லாத வேலைக்கு மத்திய நிதிக்குழுப் பணம் எடுக்க முடியாது. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நம் ஊர்த் திட்டத்தையும் செலவையும் யாரும் பார்க்கலாம். பேரன் கைப்பேசியில் காட்டினான்.

கேட்பதற்கு முன் நீர்நிலை யாருடையது என்றும் பாருங்கள். ஊரணி, குட்டை பெரும்பாலும் கிராம ஊராட்சி. சிறு பாசனக் கண்மாய் ஒன்றியம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. ஆள் மாறிக் கேட்டால் வருஷம் போய்விடும்.

பங்குனியில் விடுவிப்பு வந்தது. அதுவரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சித்திரையில் இயந்திரம் இறங்கியது. வேலை முடிந்தபின் பலகையில் எழுதியிருந்த நீளத்தை டேப் பிடித்து அளந்தோம். எட்டு மீட்டர் குறைகிறது. அளவுப் புத்தகத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று ஆகஸ்ட் 15 அன்று கேட்கப்போகிறேன்.