திருத்தணிக் கல்யாணமும் தில்லிக் கோர்ட்டும்

முகூர்த்த நாளில் திருத்தணி மலைக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒரு பக்கம் தமிழ் பேசும் பந்துக்கள்; மறுபக்கம் தெலுங்கு பேசும் பந்துக்கள்; நடுவே மாலையும் கழுத்துமாக மணமக்கள். நகரி, புத்தூர் பக்கத்துக் குடும்பங்களும் திருத்தணி, அரக்கோணம் பக்கத்துக் குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. வள்ளியை முருகன் மணந்த ஸ்தலம் என்ற ஐதீகம் இருப்பதால், அங்கே தாலி கட்டுவதை ஜனங்கள் விசேஷமாகக் கருதுகிறார்கள். தாலி ஏறிய அவ்விடத்திற்குச் சட்டத்திலும் ஒரு விசேஷம் உண்டென்று அச்சமயத்தில் ஒருவரும் நினைப்பதில்லை. தம்பதிகள் பிரிய நேரும்போதுதான் அது வெளிப்படுகிறது.

1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, விவாகரத்து மனுவை விவாகம் நடந்த இடத்துக்குரிய கோர்ட்டிலோ, எதிர்க்கக்ஷியார் வசிக்கும் இடத்துக்குரிய கோர்ட்டிலோ, தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்துக்குரிய கோர்ட்டிலோ போடலாம். மனுச் செய்பவள் மனைவியானால், தான் அப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003-இல் ஒரு திருத்தம் வந்தது. தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண், புருஷன் ஊர்க் கோர்ட்டு வாசலில் போய் நிற்க வேண்டாமென்ற கருணையினால் பிறந்த இத்திருத்தத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம்.

ஆனால் எல்லைப்புறத்தில் நடப்பதைப் பாருங்கள். புருஷன் திருத்தணி, மனைவி நகரி, விவாகம் மலைமேல் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். புருஷன் திருத்தணிக்குரிய கோர்ட்டில் விவாகரத்துக் கோருகிறான். மனைவியோ சேர்ந்து வாழும் உரிமை கோரி ஆந்திரக் கோர்ட்டில் மனுச் செய்கிறாள். இரண்டும் சட்டப்படி சரியே. இரண்டு ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணந்தான். எனினும், புருஷன் போட்ட வழக்கைத் தன் ஊர்ப்பக்கம் மாற்றித் தரும்படி அப்பெண் கேட்க வேண்டுமானால், சென்னை ஹைகோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. அமராவதி ஹைகோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்திற்கு வழக்கை மாற்றும் அதிகாரம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி சுப்ரீம் கோர்ட்டு ஒன்றுக்கே உண்டென்று 2008-இல் துர்கேஷ் சர்மா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பெண்ணின் சௌகரியத்தையே பெரும்பாலும் முக்கியமாகக் கருதி அக்கோர்ட்டார் உத்தரவிடுகிறார்கள் என்பது உண்மை. அந்த உத்தரவைப் பெறுவதற்கு, நகரியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் தகப்பன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வக்கீல் வைக்க வேண்டுமென்பதும் உண்மையே.

நமது நேயர்களில் பலர் வடக்கெல்லைப் போராட்டத்தின் சரித்திரத்தை நன்கறிந்தவர்கள். ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் அவர்களுடன் நின்ற தொண்டர்களும் பட்ட பாடு வீண்போகாமல், 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதில் நாம் பெருமை கொள்கிறோம், இன்றும் கொள்வோம். அதே சமயம், அவ்வூர் வழக்காளி ஒருவனை நினைத்துப் பார்த்தால் சற்றுச் சிரிப்பும் வருகிறது. 1954 வரையில் அவனுக்கு மேல் கோர்ட்டு சென்னையில். அவ்வருஷம் ஜூலை முதல் குண்டூரில். 1956 நவம்பர் முதல் ஹைதராபாத்தில். 1960-இல் மீண்டும் சென்னையில். இருந்த வீட்டைவிட்டு அசையாமலே மூன்று முறை கோர்ட்டு மாறினான்! பூமியை அளந்து பங்கிட்டவர்கள் கிராமங்களை எண்ணினார்கள். ஜனங்கள் எந்தப் பாஷை பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழ்கிறாள் என்பதைக் கணக்கிட எந்தக் கமிஷனாலும் ஆகாது.

விவாகரத்தில் இவ்வளவு சங்கடமென்றால், குழந்தையின் விஷயம் இன்னும் கடினம். 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, மைனர் சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஜில்லாக் கோர்ட்டில்தான் மனுச் செய்ய வேண்டும். ஆகவே, "முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, வழக்கைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் மாமன்மாரும், வெட்கத்துடன் சொல்லுகிறோம், அதைக் கேட்டுத் தலையசைக்கும் வக்கீல்களும் உண்டு. பள்ளிக்கூட வாசலிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட குழந்தைக்கு, நேற்று வரை படித்த எழுத்தும் மாறிவிடுகிறது.

இப்பிரிவின் வலிமையை உலகம் அறியச் செய்த வழக்கு நமது மாகாணத்திலேதான் பிறந்தது. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும், தகப்பனாராகிய நாராயணய்யா 1910-இல் ஸ்ரீமதி அன்னி பெஸண்டின் பொறுப்பில் ஒப்புவித்தார். பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பின்னர் மனம் மாறிய தகப்பனார் 1912-இல் செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தகப்பனாருக்காக ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் ஆஜரானார்; அம்மையார் தமக்குத் தாமே வாதித்தார். 1913-இல் ஹைகோர்ட்டார் பிள்ளைகளைத் தகப்பனாரிடம் சேர்க்கும்படி தீர்ப்பளித்தார்கள். 1914-இல் பிரிவி கௌன்ஸில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இங்கிலாந்தில் படிக்கப் போய்விட்ட பிள்ளைகளைச் செங்கற்பட்டு ஜில்லாவில் வசிப்பவர்களென்று சொல்ல முடியாதென்பது ஒரு காரணம். மற்றொரு காரணமே நமக்கு முக்கியம்: அப்பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை, அவர்கள் வழக்கில் கக்ஷிகளாகவும் சேர்க்கப்படவில்லை. தகப்பனார் பேசினார், அம்மையார் பேசினார், பத்திரிகைகள் பேசின. எவரைப் பற்றிப் பேச்சோ அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

அந்நாளிலிருந்து சட்டம் வெகு தூரம் வந்துவிட்டது. ஹிந்துக்களுக்கு விவாகரத்தே கிடையாதென்று வைதிகர்கள் முழங்கிய காலத்திலேயே, 1949-இல், சென்னைச் சட்டசபை இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு இடமளித்துச் சட்டம் செய்தது. 1956-ஆம் வருஷத்து மைனர் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டுமென்றும், குழந்தையின் நன்மையே பிரதானமென்றும் விதித்தது. அதே சட்டம் தகப்பனை முதற் கார்டியனாகவும், "அவனுக்குப் பிறகு" தாயையும் வைத்தது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் சுப்ரீம் கோர்ட்டார் அந்தப் "பிறகு" என்பதற்குத் தகப்பன் இறந்த பிறகு என்றுமட்டும் பொருளல்ல, அவன் கவனிக்காதபோதும் தாயே கார்டியன் என்று வியாக்கியானம் செய்தார்கள். ஒரு சொல்லைத் திருத்த நாற்பத்து மூன்று வருஷங்கள்!

இனி வக்கீலைப் பற்றி. நாமும் அத்தொழிலைச் சேர்ந்தவராதலால், இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டென்று நம்புகிறோம். 1984-ஆம் வருஷத்துக் குடும்பக் கோர்ட்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வக்கீல் மூலம் ஆஜராவதற்குக் கக்ஷிகளுக்கு உரிமையில்லை என்கிறது. கோர்ட்டு அனுமதித்தால்தான் உண்டு. வக்கீல் நுழைந்தால் புகை நெருப்பாகும் என்பது சட்டம் செய்தவர்களின் அச்சம். அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும், படித்த புருஷனுக்கு எதிரே படிக்காத பெண்ணைத் தனியே நிறுத்துவது சமாதானமாகாது. வக்கீலை விலக்குவதைக் காட்டிலும் அவனை நெறிப்படுத்துவதே நலமென்பது நம் அபிப்பிராயம்.

கக்ஷிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் நடந்த விவாகமானாலும் பதிவு செய்யுங்கள். ஆந்திரத்தில் 2002-ஆம் வருஷத்துச் சட்டமும், தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தேவஸ்தான ரசீதையும் பத்திரிகையையும் போட்டோவையும் எறிந்துவிட்டு வருபவருக்கு வக்கீல் என்ன செய்ய முடியும்? வக்கீலிடம் பாதியை மறைக்காதீர்கள். மறைத்த பாதியை எதிர்க்கக்ஷி வக்கீல் கூண்டில் வைத்துக் கேட்பார். ஜெயித்தால் பங்கு தர வேண்டுமென்று பீஸ் பேசுபவரிடம் போகாதீர்கள். பார் கௌன்ஸில் விதி அதைத் தடுத்திருக்கிறது. பணமில்லாத பெண்ணுக்கு, வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி உரிமையுண்டு. இருவரும் பிரிவதென்று தீர்மானித்துவிட்டால், இருவருமாகச் சேர்ந்து ஒரே மனுவைப் போடலாம். அதற்கு 1976-இல் இடம் செய்தார்கள். மலையில் தாலி கட்டியவர்களுக்குத் திருத்தணிக்குரிய கோர்ட்டே அதற்குப் போதும். தில்லிக்குப் போக வேண்டியதில்லை.

சமரசத்திற்கு இடமில்லாத வழக்குகளுக்கோ சட்டந்தான் மாற வேண்டும். அடுத்தடுத்துள்ள எல்லை ஜில்லாக்களுக்கிடையே விவாக வழக்கையும் குழந்தை வழக்கையும் மாற்றும் அதிகாரத்தைச் சம்பந்தப்பட்ட இரண்டு ஹைகோர்ட்டுகளும் கலந்து செலுத்தும்படி பார்லிமெண்டு ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். திருத்தணி அடங்கிய அரக்கோணம் தொகுதியின் அங்கத்தினரும், நகரி அடங்கிய சித்தூர்த் தொகுதியின் அங்கத்தினரும் சேர்ந்து இதைக் கொண்டுவரட்டும். அவர்கள் எந்தக் கக்ஷியைச் சேர்ந்தவர்களானாலும் சரி, அம்மனுவில் நமது நேயர்களின் கையெழுத்துக்களைச் சேகரித்து அனுப்ப இக்காரியாலயம் தயாராக இருக்கிறது.