எழுபத்தொரு கும்பிடு

மாமா போன செய்தி வந்தபோது கிண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். காலை எட்டேமுக்கால். ‘அப்பா இன்று அதிகாலை 4 மணிக்கு இறைவனடி சேர்ந்தார்கள்’ என்று அத்தை மகன் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டிருந்தான். அதன் கீழே அதற்குள் சரம் சரமாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்றைத் தட்டிவிட்டேன். பச்சை விழுந்தது, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார், வண்டியைக் கிளப்பிவிட்டேன். அன்றைக்கு ஆபீசில் மீட்டிங். ஊருக்குப் போகவில்லை.

ராத்திரி எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொரு கும்பிடு. நடுவில் ரோஜாப்பூவோடு ஒரு ‘இனிய காலை வணக்கம்’. மேலே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே தினமும் அனுப்புகிற சித்தப்பா ஒருவர். மத்தியானம் யாருடைய பேத்திக்கோ பிறந்தநாள். கேக் படம், வாழ்த்துகள், வாழ்த்தியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லித் திரும்பவும் அதே கும்பிட்ட கைகள். வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான், ‘பழநி தரிசனம் ஆச்சு’ என்பதற்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். 2022-இல் ரியாக்‌ஷன் வந்த பிறகு அதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. செய்தியை அழுத்திப் பிடித்தால் சிரிப்பு, இதயம், அழுகை, கும்பிடு எல்லாம் ஒரே தட்டில் எழும்பி வருகின்றன. சாவுச் செய்தியில் தவறிப்போய்ச் சிரிப்பின் மேல் விரல் பட்டுப் பதறியவர்களை எனக்குத் தெரியும்.

சமூக ஊடகம் நம் கவனத்தையும் உறவையும் என்ன செய்கிறது என்று எழுதச் சொன்னார்கள். ரீல்ஸ், பிள்ளைகள், கெட்டுப்போன தூக்கம், லைக்குக்கு ஏங்குவது எல்லாம் வாசகர்களுக்கு அத்துப்படி. ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. கனடாவின் வான்கூவரில் முன்னூறு பேருக்கு மேல் நண்பர்களோடு ஓட்டலில் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். மேஜை மேல் போன் இருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் குறைவாகவே ருசித்தது. 2018-இல் அமெரிக்காவில் பலருக்குக் காசு கொடுத்து, நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை மூடி வைக்கச் சொன்னார்கள். நிம்மதி சற்றே கூடியது. மிச்சமான நேரத்தில் வீட்டாரோடும் நண்பர்களோடும் இருந்தார்கள். தனியாக உட்கார்ந்து டிவியும் கூடுதலாகப் பார்த்தார்கள். (மனுஷன் வேறு எங்கே போவான்!) இருக்கட்டும். என் கவலை அதெல்லாம் இல்லை. என் கவலை துட்டி.

திருநெல்வேலிச் சீமையில் துட்டி கேட்கப் போவது என்பார்கள். மதுரைப் பக்கம் கேதம் கேட்பது. பத்திரிகைத் தமிழில் துக்கம் விசாரிப்பது. எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அங்கே வினை கேட்பதுதான். போகிறவன் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘எப்படி ஆச்சு?’ என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான் அவன் வேலை. மீதி முழுக்கக் காது.

வாசலில் பந்தல், வாடகை நாற்காலி. ‘வாங்க’ என்று யாரும் அழைக்க மாட்டார்கள். ஆண்கள் துக்கக்காரர் கையைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். பெண்கள் நேரே உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுகை அடங்கியதும் அந்தக் கேள்வி வரும். பறிகொடுத்தவள் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பிப்பாள். முந்தின நாள் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு இருமினார், டாக்டர் என்ன சொன்னார், கடைசியாக யார் பெயரைக் கூப்பிட்டார். முடித்து நிமிர்ந்தால் அடுத்த கும்பல் வந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து. சின்ன வயதில் இதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். எத்தனை தடவைதான் அந்த மனுஷியைச் சொல்ல வைப்பார்கள்?

ஆச்சி செத்தபோது அம்மா நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் கதையில் அழுகைதான் பாதி. மூன்றாம் நாள் வாக்கியங்கள் ஒழுங்காகின. எட்டாம் நாள், ஆஸ்பத்திரி வாட்ச்மேன் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிய விஷயம் கதைக்குள் புதிதாக வந்தது. சொல்லும்போது அம்மா லேசாகச் சிரித்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது, ஆச்சி செத்தது அம்மா சொல்லத் தெரிந்த ஒரு கதையாகிவிட்டது. நாற்பது பேர் பஸ் ஏறி வந்து, ஒரே கதையை முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டதால் நடந்தது அது.

குரூப்பில் அந்தக் கதையை ஒரு தடவைதான் போட முடியும். அதையும் யாரும் கேட்பதில்லை; கும்பிட்டுவிட்டால் முடிந்தது.

முன்பெல்லாம் மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு வரும். வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அவசரமென்றால் தந்தி. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் நுழைந்தாலே பெண்களுக்கு வயிறு கலங்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுபோனது. கார்டானாலும் தந்தியானாலும் அதைப் பார்த்தவன் செய்த வேலை ஒன்றுதான்: கிளம்புவது. கார்டுக்குப் பதில் கார்டு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவனை நான் கேள்விப்பட்டதில்லை. ‘நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்’ என்பார் எங்கள் தாத்தா. ஒரு துட்டிக்கு வராததற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த சம்பந்திகள் எங்கள் ஊரில் உண்டு. இப்போதும் கோபம் இருக்கிறது, காரணம்தான் மாறிவிட்டது. பார்த்ததைக் காட்டிக்கொடுக்கும் நீல டிக் 2014-இல் வந்தது. ‘பார்த்துட்டு ஒரு கும்பிடுகூடப் போடலை பாத்தியா’ என்று காரியத்தன்றைக்கே ஒருவர் என்னிடம் போனில் பெயர்ப்பட்டியல் வாசித்தார். பதினாறு நாள் துக்கம், இருபத்துநாலு மணி நேரத்தில் மறைகிற ஸ்டேட்டஸ் ஆகிவிட்டது. மெழுகுவத்தி அசைகிற டெம்ப்ளேட், அதில் மாமா போட்டோ, பின்னணியில் சோகப் பாட்டு.

2020 ஊரடங்கில் சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை, வீட்டிலிருந்தே கும்பிட்டோம். தடை போய்விட்டது, கும்பிடு தங்கிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் முகமாவது கிடைக்கிறதே என்பார்கள். சரிதான். துபாயில் லீவு கிடைக்காதவனை நான் சொல்லவில்லை, கிண்டியில் இருந்தவனைச் சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். 2022-இலிருந்து அங்கே மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கிறது. அடுத்த ஒன்றரை மணி நேரம் ஊரே டிவியையும் போனையும் அணைத்து வைக்கிறது. பிள்ளைகள் படிப்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. நம் ஊர்களில் சைரனுக்குச் சங்கு என்று பெயர்; சங்கு ஊதினால் வேறு அர்த்தமும் உண்டு. துட்டி வீட்டுக்கென்று அப்படி ஒரு சங்கு இருந்தால் தேவலை. நான் அத்தை வீட்டுக்குப் போனபோது இருந்திருந்தால் ரொம்பவே தேவலை.

காரியமும் முடிந்து, இருபத்திரண்டாம் நாள்தான் போனேன். நெல்லை எக்ஸ்பிரசில் இறங்கி, அம்பாசமுத்திரம் பஸ் பிடித்து, வீட்டை அடையும்போது பத்து மணி. பந்தல் பிரித்த குழிகளில் தண்ணீர் நின்றது. அத்தை தார்சாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எப்படி ஆச்சு அத்தை?” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்பதற்கு ஆள் வந்ததில் ஆச்சரியமோ என்னவோ.

“ராத்திரி பன்னெண்டு இருக்கும். ஒங்க மாமா முழிச்சிக்கிட்டு, வெந்நி வச்சுத் தாட்டீன்னு கேட்டாவ. நான் அடுக்களைக்குப் போயி அடுப்பப் பத்த வச்சு, செம்பத் தேடுதேன், காணல…”

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை, குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு வினாடி இருக்குமா? குரூப்பில் யாரோ வீடு பால் காய்ச்சுகிற அழைப்பிதழ்.

அத்தை நிறுத்திவிட்டாள்.

“ஆபீஸா? பேசு, பேசு.”

“ஒண்ணுமில்ல அத்தை, சொல்லுங்க.”

“காப்பி குடிக்கியா?” என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கிணற்று மோட்டார் பழுதைப் பற்றிப் பேசினாள், தென்னைக்கு உரம் வைக்க ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசினாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை, இரண்டு தடவை பேச்சை மாமா பக்கம் திருப்பிப் பார்த்தேன். “அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே” என்றாள்.

செம்பு கிடைத்ததா, மாமா அந்த வெந்நியைக் குடித்தாரா, எனக்கு இன்னும் தெரியாது.