அந்த ஊசி எனக்கு ஒத்துக்குமா?

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். பார்வைக்கு இருவரும் ஒல்லி. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கணையத்துக்கும் கல்லீரலுக்கும் தெரியும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் படத்தை அத்தையிடம் காட்டினேன். அத்தைக்கு 61 வயது. சுகர் வந்து 14 வருஷம் ஆகிறது. காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று. "எதிர்த்த வீட்டு மருமக வாரம் ஒரு ஊசி போட்டு பதினாலு கிலோ இறங்கிட்டா. அந்த ஊசி எனக்கு ஒத்துக்குமா?" என்பது அவர் கேள்வி. இன்றைக்கு பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விதான் இது. டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. உடல் எடைக்கான செமாகுளூட்டைட் ஊசி அதே ஆண்டு ஜூனில் வந்தது. அத்தைக்கு நான் சொன்ன பதிலை விரித்து எழுதினால் இந்தக் கட்டுரை.

முதலில் ஊசி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் சாப்பிட்ட சோறு குடலுக்கு இறங்கியதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "சாப்பாடு வந்துவிட்டது" என்று கணையத்துக்கும் மூளைக்கும் சொல்லி அனுப்பும் தூதர் அது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டும் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்கும். இரைப்பை தன் சரக்கை மெதுவாகக் கீழே தள்ளும். மூளை "போதும்" என்று சொல்லும். இந்தத் தூதரின் ஆயுள் சுமார் இரண்டு நிமிடம். டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. நம்மில் பலர் விழுங்கும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுபவை. தூதரின் ஆயுள் அதனால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

நீண்ட ஆயுளுள்ள தூதருக்கான முதல் வழி ஒரு பல்லியிடமிருந்து கிடைத்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நஞ்சுள்ள பல்லியின் எச்சிலில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். அதன் வழியே வந்த எக்ஸெனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைத் தினம் இரண்டு முறை குத்திக்கொள்ள வேண்டும். பிறகு வந்த செமாகுளூட்டைட், ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றிவருவதால் பாதியளவு வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்பது இதனால்தான். ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தாலும் அது ஒரே நாளில் உடம்பை விட்டுப் போகாது என்பதற்கும் காரணம் இதுவே. டிர்செபடைட் ஜிஎல்பி-1உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பலன் உண்மையானது. சுகர் இல்லாத, உடல் பருமன் கொண்ட 1,961 பேரிடம் செமாகுளூட்டைட் சோதிக்கப்பட்டு 2021இல் முடிவு வெளியானது. 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம் வரை குறைத்தது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படுவது 2023இல் வந்த இன்னொரு ஆய்வு. ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள, சுகர் இல்லாத, எடை கூடிய 17,604 பேரில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை செமாகுளூட்டைட் போட்டவர்களிடம் 20 சதவீதம் குறைந்தன. சுகரோடு சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அது கைகொடுக்கிறது என்று 2024இல் தெரிந்தது. கல்யாண போட்டோவில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று இதைக் கேட்பவரையும், பைபாஸ் செய்த இதயத்தோடு 95 கிலோ சுமந்து மாடி ஏறுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. இரண்டாமவருக்கு இது உயிர் காக்கும் மருந்து.

எடைக்காகப் போடுவதென்றால் அனுமதிக் குறிப்பு சொல்லும் எல்லை பிஎம்ஐ 30. சுகர், ரத்த அழுத்தம் போன்ற துணை நோய் ஏதாவது இருந்தால் 27. டைப் 2 சுகருக்கு, மாத்திரையில் கட்டுப்படாதபோது டாக்டர் எழுதலாம். ஆனால் யாக்னிக்கின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 27ஐத் தொடாமலே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைத்திருக்கும் உடம்பு நம்முடையது. அதனால்தான் இந்தியாவில் பருமன் 25இலேயே தொடங்குவதாகக் கணக்கு. வீட்டிலிருக்கும் தையல் டேப்பை எடுத்து தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டினால், எடை மெஷின் என்ன சொன்னாலும் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

அத்தை டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் உயரம் 152 சென்டிமீட்டர், வயிறு 94. "அப்ப எனக்கு ஊசி உண்டுதானே?" என்றார். அவருடைய மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டினேன்.

மெட்ஃபார்மின் இருந்தது, அதனால் தொல்லையில்லை. வில்டாகிளிப்டின் இருந்தது. ஊசி தொடங்கினால் பொதுவாக அதை நிறுத்திவிடுவார்கள், இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை. மூன்றாவது கிளிமிபிரைடு. கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். ஊசி மட்டும் போட்டால் சுகர் அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடோ இன்சுலினோ கூடவே பழைய அளவில் போனால், பசியே இல்லாமல் அரை இட்லியோடு எழுந்துவிடும் ஆளுக்கு நடு மத்தியானத்தில் லோ சுகர் வந்து கண் இருட்டும். அவற்றின் அளவை டாக்டர் குறைத்துத் தர வேண்டும். இன்சுலினை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. டைப் 1 சுகர் உள்ளவருக்கு இந்த ஊசி இன்சுலினுக்கு மாற்று ஆகவே ஆகாது.

அடுத்து கண். இதைத்தான் விளம்பரங்களும் உறவினர்களும் சொல்வதில்லை. 2016இல் வெளியான 3,297 பேர் கொண்ட செமாகுளூட்டைட் ஆய்வில், விழித்திரைச் சிக்கல்கள் வெற்று ஊசிக்காரர்களில் 1.8 சதவீதம் பேருக்கு வந்தன, மருந்து போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு. பெரும்பாலும் ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்கள் அவர்கள். பல வருஷம் உயர்ந்தே இருந்த சுகர் சட்டென்று இறங்கினால் பழுதான விழித்திரை முதலில் மோசமாகிறது. இன்சுலினிலும் முன்பே பார்த்த விஷயம் இது. கண்ணை விரித்துப் பார்க்கும் பரிசோதனை ஊசிக்கு முன்பு ஆகிவிட வேண்டும். அத்தை கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது என்று கேட்டேன். கண்ணாடி மாற்றிய வருஷத்தைச் சொன்னார்.

குடும்பக் கதையையும் கேட்க வேண்டும். தைராய்டில் மெடுல்லரி என்ற அரிய வகைப் புற்றுநோய் உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ வந்திருந்தால் இந்த ஊசி வேண்டாம். எலிகளில் அந்த வகைக் கட்டியை இது தூண்டியதால் வந்த எச்சரிக்கை இது. சாதாரணமாக மாத்திரை சாப்பிடும் தைராய்டு குறைபாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கணையம் வீங்கிப் படுத்திருந்தவர், இரைப்பை ஏற்கெனவே மந்தமானவர், பித்தப்பைக் கல் உள்ளவர் ஆகியோர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் போடும்போது கருத்தடை மாத்திரையின் வலு குறையலாம் என்பதால், தொடங்கும்போதும் அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பும் தேவை. ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி விவரத்தைச் சொல்லுங்கள். பட்டினி கிடந்தும் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருக்கக்கூடும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் பெரும்பாலோர் கடந்துவிடுபவை. அதற்காகவே செமாகுளூட்டைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றப்படுகிறது. அவசரப்பட்டு படி தாண்டுபவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். முதுகு வரை ஊடுருவும் கடும் வயிற்றுவலி வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

என் மனதை அதிகம் உறுத்துவது தசை. குறையும் எடை முழுவதும் கொழுப்பில்லை. உடலை ஸ்கேன் செய்து அளந்த ஆய்வுகளில், இழந்த எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதி. யாக்னிக்கைப் போன்ற உடம்புக்குத் தசை ஏற்கெனவே கடன். 60 வயதுக்குமேல் அதையும் இழந்தால் தரையில் உட்கார்ந்தவர் எழ முடியாது. 70 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 58 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்தியக் கணக்கு. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். பசி சுருங்கிப்போனவர் சாப்பிடும் அந்த நான்கு வாயில் சுண்டலும் மீனும் முட்டையும் தயிரும் முதலில் வர வேண்டும், சோறு பிறகு. கூடவே தசைக்கு வேலை தரும் பயிற்சி. நடை மட்டும் போதாது. சுவரைத் தள்ளுவது, நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இப்படி ஏதாவது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேண்டும்.

அப்புறம் நிறுத்தும் கதை. செமாகுளூட்டைட் ஆய்வை முடித்து ஊசியை விட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வருஷத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இதில் அவர்களின் மனவுறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் அழுத்தம் ஏறுவது போலத்தான். ஆகவே பணத்தையும் வருஷக் கணக்கில் யோசியுங்கள். டிர்செபடைட் இந்தியாவில் அறிமுகமானபோது மிகக் குறைந்த அளவே வாரத்துக்கு 3,500 ரூபாய், மாதம் 14,000. செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதால் அந்த மருந்து மலிவாகிறது. நல்ல செய்திதான். மலிவானதும் சீட்டில்லாமல் கொடுக்கும் மெடிக்கல் ஷாப்களும், அழகு நிலையத்தில் ஊசி போட்டுவிடுபவர்களும் பெருகிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருக்கிறது. இது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்து வர வேண்டிய மருந்து. பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத எதையும் உடம்பில் ஏற்றாதீர்கள்.

அத்தை மறுநாள் காலை மாத்திரைப் பையோடு என்னுடன் கிளம்பினார். டாக்டர் மூன்று மாத சராசரி சுகர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் எழுதித் தந்தார். கண்ணுக்கு மருந்து ஊற்றிப் பார்த்ததில் இரண்டு விழித்திரையிலும் ரத்தக் கசிவு. "ஊசி உங்களுக்கு வேண்டாம்னு சொல்லல. முதல்ல கண்ணுக்கு லேசர். சுகரை மெதுவா இறக்குவோம். மூணு மாசம் கழிச்சுப் பார்த்துத் தொடங்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எதிர்த்த வீட்டு மருமக கண்ணைக் காட்டினாளான்னு கேக்கணும்" என்றார்.